விருந்தும் இருக்கையும்

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்து அன்பர்களே, கவிஞர் பெருமக்களே!

கடல் வழியே வந்தோரை வரவேற்றுப் பழகிய கரை தூத்துக்குடி. கப்பலில் வந்திறங்கும் சரக்கை எடையிட்டு வாங்கிக்கொள்ளலாம். வந்திறங்கும் கலைக்கு எத்தகைய இருக்கை தருவது என்பது அத்துணை எளிதன்று. மேலை இசையரங்கில் அதற்கொரு முறை உண்டு.

சேம்பர் ஆர்கெஸ்ட்ரா எனப்படும் அறையிசைக் குழு, பேரவைக்கென அமைந்த பெருங்குழுவினும் சிறியது. அரண்மனைக் கூடங்களிலும் செல்வர் இல்லங்களிலும் வளர்ந்த மரபு அது. ஏறக்குறைய பதினைந்து முதல் நாற்பது பேர். அவர்களுள் பெரும்பாலோர் நரம்புக் கருவி வாசிப்போர். இக்குழு வெளியிலிருந்து பியானோ கலைஞர் ஒருவரை விருந்தினராக அழைத்து, கான்செர்ட்டோ என்னும் நீண்ட இசையுருவை வாசிப்பதுண்டு. மோட்சார்ட் 1782, 1783 ஆண்டுகளில் வியன்னாவில் இயற்றிய மூன்று பியானோ கான்செர்ட்டோக்கள், நான்கே நரம்புக் கருவிகளின் துணையோடும் வாசிக்கத்தக்கவை. கூட்டத்தின் பெருமையை அன்று, ஒருவரையொருவர் செவிமடுக்கும் திறத்தையே அவை வேண்டி நின்றன.

அவற்றில் விருந்தினர் உடனே வாய் திறப்பதில்லை. குழு முதலில் தன் கருப்பொருள்களை இசைத்துக் காட்டும்; பியானோ காத்திருக்கும். பின்னர் அது நுழைந்து, கேட்டவற்றைத் தன் மொழியில் சொல்லும்; குழு சொல்லாத புதியதொன்றையும் சேர்க்கும். முடிவை நெருங்கும்போது குழு முழுவதும் அடங்க, பியானோ தனித்து உலவும். இதற்குக் கடென்ஸா என்று பெயர். அடுத்தடுத்த இரு சுரங்களை விரைந்து மாறிமாறி அதிரச் செய்து அது குறிப்புக் காட்டியதும், குழு மீண்டும் எழும். தனி ஆவர்த்தனத்தின் இறுதிக் கோர்வை முடியுமிடத்தில் பாடகர் பல்லவியை எடுப்பதைக் கேட்டவர்க்கு இது அயலான அனுபவம் ஆகாது. 1777இல் இயற்றிய ஒரு கான்செர்ட்டோவில் மட்டும் மோட்சார்ட் இம்முறையைச் சற்று மாற்றினார்; பியானோ இரண்டாம் அளவிலேயே பேசிவிடுகிறது. ஆனால் அங்கும் அது குழு தொடங்கிய சொல்லுக்கு விடையாகவே பேசுகிறது. முதற்சொல் விருந்தளிப்போருடையது.

இத்தகைய விருந்து தமிழகத்துக்கும் வந்ததுண்டு. 1952இல் நேருவின் அழைப்பை ஏற்றுப் பஞ்ச நிவாரண நிதிக்காக இந்தியா வந்த யெஹூதி மெனுஹின், பியானோ கலைஞர் மார்சல் கஸெலுடன் சென்னையிலும் வாசித்தார். மேடையில் இருந்த கருவிகள் இரண்டு. அவற்றுள் வயலின் அன்றைக்கே தமிழ்நாட்டுக் கச்சேரிகளின் உறுப்பினர், பியானோவோ விருந்தாளி. ஒன்று குடும்பத்தில் கலந்ததும் மற்றொன்று வாசலில் நின்றதும் ஏன்?

விடையின் ஒரு பாதி இம்மாவட்டத்து எட்டயபுரத்தில் இருக்கிறது. முத்துசாமி தீட்சிதரும் அவர்தம் தம்பி பாலுசாமி தீட்சிதரும் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்தபோது, சென்னைக் கோட்டையின் ஐரோப்பிய வாத்தியக் குழுவைக் கேட்டனர். அண்ணன் அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார், அவையே நோட்டுஸ்வரங்கள். மெட்டு வந்தபடியே இருந்தது. சொல் மட்டும் மாறியது. தம்பியோ ஐரோப்பிய ஆசிரியரிடம் வயலின் பயின்று, அக்கருவியின் வாழ்க்கையையே மாற்றினார். பின்னாளில் அவர் எட்டயபுரம் அரசவைக் கலைஞரானார். முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் அவ்வூரிலேயே. இன்று வயலின் தரையில் அமர்கிறது. அதன் தலை வாசிப்பவரின் வலது காலில் ஊன்றுகிறது. தந்திகள் சட்சமம், பஞ்சமம் என இணைகின்றன. மரமும் வில்லும் மாறவில்லை, பேச்சு மாறிவிட்டது. தந்தையார் இராமசாமி தீட்சிதரின் இசையில் முன்னரே ஊறிய செவி அந்தத் தம்பிக்கு வாய்த்திருந்தது. குழு தன் கருப்பொருளை இசைத்த பின்பே விருந்தினர் நுழைந்தார்!

மறுபாதி பியானோவின் இயல்பில் இருக்கிறது. 1700ஆம் ஆண்டை ஒட்டிப் பிளாரன்ஸில் கிறிஸ்டோபோரி உருவாக்கிய இக்கருவியில், அழுத்திய கட்டைக்குரிய சுரம் நின்ற இடத்தில் நிற்கும், வளையாது, வழுக்காது. கமகத்தை உயிராகக் கொண்ட இசைக்கு இது பெருங்குறை. இதே குறை கூறப்பட்ட ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கியது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. எனினும் விலக்குதல் ஒன்றே வழியன்று. இந்த நூற்றாண்டில் சிக்கில் குருசரணின் பாட்டோடு அனில் சீனிவாசன் பியானோ வாசித்துவருகிறார். கமகம் குரலுக்குரியதாக இருக்க, பியானோ பாட்டின் அடியில் நிழல் விரிக்கிறது. வளைய இயலாத விருந்தினருக்கு வளையாத இருக்கையே இடப்பட்டிருக்கிறது.

கவிஞர்களுக்கு இதில் என்ன? எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதி, 1916இல் சப்பானியக் கவிதையைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதினார். யாப்பு அவருக்குக் கைவந்த கலை. ஆகவே அயல் வடிவத்தின் சொற்செட்டு எங்கே தமிழோடு பொருந்தும் என்று அவரால் உணர முடிந்தது. பின்னர் ஹைக்கூ தமிழில் பல்கிப் பெருகியது. பதினேழு அசை என்னும் சப்பானியக் கணக்கு தமிழ் அசையோடு ஒத்துவராது என்பதை உணர்ந்து, மூன்றடியையும் காட்சியையும் கொண்டவர்கள் வயலின் வழியில் சென்றார்கள். குறுந்தொகையின் செறிவை அறியாமலே உரைநடை வாக்கியத்தை மூன்றாக முறித்தவர்களிடம் விருந்தினர் மட்டுமே இருந்தார், வீடு இல்லை.

வந்ததையெல்லாம் தடுப்பது தூத்துக்குடிக்கு ஒவ்வாது. வந்ததையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்வது விருந்தோம்பலும் ஆகாது. இக்கரையில் 1961உடன் முத்துக்குளிப்பு நின்றது. ஆனால் சிப்பி கற்பித்த பாடம் நிற்கவில்லை. உள்ளே புகுந்த அயற்பொருளைத் தன் ஒளியால் மூடித்தான் அது முத்தாக்குகிறது. அந்த ஒளி சிப்பியிடம் முன்னரே இருக்க வேண்டும். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்துக் கவிஞர்கள் உலகின் எந்த வடிவத்தையும் அழைக்கட்டும். அழைக்குமுன் தமிழின் கருப்பொருளை ஒருமுறை முழுமையாக இசைத்துவிடட்டும்.