கூனும் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எமது யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் நன்கு சித்தியடைந்துவிட்டால், வீட்டிலே உடனே ஒரு விசாரணை தொடங்கிவிடும். "கணிதமோ, உயிரியலோ?" என்பதே அவ்விசாரணை. கணிதம் படித்தவர் பொறியியலாளராவார். உயிரியல் படித்தவர் வைத்தியராவார். அதன் பின் இருவரும் கலியாண வீட்டிலன்றி வேறெங்கும் சந்திப்பதில்லை! இவ்விரு வளவுகளுக்கும் இடையேயுள்ள வேலியில் இன்று ஒரு பொட்டு வைத்துப் பார்க்க விரும்புகிறோம். அதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியை எடுத்துக்கொள்வோம்.

காசநோய் நெஞ்சில் வருவது என்று எல்லோரும் அறிவோம். அது முள்ளந்தண்டிலும் வரும் என்பதை அறிந்தவர் சிலரே. இங்கிலாந்தின் பேர்சிவல் பொட் என்னும் சத்திரவைத்தியர் 1779-ஆம் ஆண்டிலேயே இந்நோயை விவரித்து எழுதினார். முள்ளந்தண்டு, ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய சிறு என்புகளால் ஆனது. அவற்றை முள்ளென்புகள் என்போம். காசநோய் பெரும்பாலும் முள்ளென்பின் முன்பக்கத்தையே அரிக்கிறது. முன்பக்கம் இடிந்ததும் மேலேயுள்ள பாரம் முன்னே சாய்கிறது, முதுகு கூனுகிறது. கூன் மிகுந்தால் நெஞ்சு ஒடுங்கி மூச்சு முட்டும். உள்ளேயுள்ள நரம்புநாண் நசுங்கினால், நோய் மாறிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும் கால்கள் வழங்காமற் போகலாம்.

முற்காலத்தில் இந்நோயாளரை மாதக் கணக்கில், சிலவேளை வருடக் கணக்கில், கட்டிலோடு கிடத்தி வைத்தார்கள். காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்தபின் எண்ணம் மாறத் தொடங்கியது. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நெஞ்சுக் காசநோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை அது 1959-இல் உலகுக்குக் காட்டியது. பின்னர் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஆதரவில் கொரியா, கொங்கொங், சென்னை முதலிய இடங்களில் முள்ளந்தண்டுக் காசநோயாளரிடமும் பரிசோதனை நடைபெற்றது. எழுந்து நடமாடிக்கொண்டே மருந்துண்டவர்களிலும் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தனர்.

ஆனால் நோய் மாறுவது வேறு, முதுகு நிமிர்ந்து நிற்பது வேறு. மருந்து கிருமியைக் கொல்லும். இடிந்த என்பைத் திருப்பிக் கட்டாது. ஆகவே வைத்தியருக்கு ஒரு தர்மசங்கடம். எல்லோருக்கும் சத்திரசிகிச்சை செய்வதென்றால் செலவும் ஆபத்தும் பெரிது; பலருக்கு அது தேவையுமில்லை. ஒருவருக்கும் செய்யாது விட்டால் சிலர் கூனிப்போவர். அந்தச் சிலர் யார் என்பதை, கூன் விழுமுன்னே அறிவது எப்படி?

இங்கேதான் கணக்கு வருகிறது. ரி. கே. சண்முகசுந்தரம், எஸ். இராஜசேகரன் என்னும் இரு என்புச் சத்திரவைத்தியர்கள், மருந்து மட்டும் உண்டு குணமான சென்னை நோயாளரின் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆரம்பம் முதல் இறுதி வரை அளந்து, 1987-இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டனர். முள்ளென்பு ஒன்றின் உயரத்தைப் பத்துக் கூறாக்கி, எத்தனை கூறு அழிந்தது என்று பார்க்கவேண்டும். நோயுற்ற எல்லா முள்ளென்புகளிலும் ஏற்பட்ட இழப்பைக் கூட்டவேண்டும். அத்தொகையை 30.5 ஆற் பெருக்கி 5.5 ஐக் கூட்டினால், இறுதியில் வரும் கூன் எத்தனை பாகை என்பது தெரியும். அரை முள்ளென்பு அழிந்திருந்தால் ஏறத்தாழ 21 பாகை. ஒன்றரை அழிந்திருந்தால் 51 பாகை. எட்டாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கணக்கு. அது 90 சதவீதம் சரியாக வந்தது.

ஆயினும் குழந்தைகளிடம் இந்த நேர்கோடு மட்டும் போதவில்லை. பெரியவர்களின் கூன் நோய் மாறியதும் பெரும்பாலும் நின்றுவிடும். குழந்தையோ வளர்கிறது. எமது வேலிக் கதியாலை நினைத்துப் பாருங்கள். சரிந்து நிற்கும் கதியால்களில் ஒன்று வளர வளரத் தானே நிமிரும். மற்றொன்று இன்னும் கீழே சரியும். இராஜசேகரன் 61 குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001-இல் முடிவை வெளியிட்டார். 39 சதவீதத்தினரின் கூன் வளர்ச்சியோடு கூடியது. 44 சதவீதத்தினருடையது குறைந்தது. 17 சதவீதத்தினரிடம் பெரிய மாற்றமில்லை.

யாருக்குக் கூடும் என்பதைக் காட்ட நான்கு அடையாளங்களையும் அவர் கண்டார். முள்ளென்புகளின் பின்புற மூட்டுகள் விலகியிருத்தல்; நோயுற்ற என்பு பின்னோக்கித் தள்ளப்பட்டிருத்தல்; என்புகள் பக்கவாட்டில் நகர்ந்திருத்தல்; மேலுள்ள முள்ளென்பு முன்னே கவிழ்ந்திருத்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் இரண்டைத் தாண்டினால் அக்குழந்தையின் கூன் 30 பாகைக்கு மேற் கூடக்கூடும். காலத்தோடு சத்திரசிகிச்சை செய்து முதுகை நிலைப்படுத்தவேண்டும். தேவையில்லாத குழந்தை கத்திக்குத் தப்புகிறது. தேவையான குழந்தை கூனுக்குத் தப்புகிறது.

இளைஞர்களே, இதிலே பெருக்கலும் கூட்டலும் பெரிதல்ல. பதினைந்து வருடம் பிள்ளைகளைத் தேடிக் கண்டு, படமெடுத்து, அளந்து, குறித்து வைத்த பொறுமையே பெரிது. தம் சமன்பாட்டில் மயங்கி நின்றுவிடாது, அது எங்கே போதாதென்று தாமே தேடிய நேர்மை அதனிலும் பெரிது. இயற்கையின் போக்கைக் கணக்கில் அடக்க விரும்புவோர், இயற்கை அக்கணக்கை மீறும் இடத்தையும் மறைக்காது எழுதவேண்டும்.

எமது குடாநாட்டில் இத்தகைய வேலைக்கு நேர்ந்த இடையூறு யாவரும் அறிந்ததே. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் செம்மணி வழியே நடந்தபோது, குழந்தையைச் சுமந்தவர்கள் எக்ஸ்-கதிர்ப் படத்தையுமா சுமந்திருப்பார்கள்? நோயாளர் சிதறினால் பதிவும் சிதறும். பதிவு சிதறினால் அறிவும் சிதறும். இன்று அந்நிலை இல்லை. 1978-இல் தொடங்கிய மருத்துவ பீடம் எம்மிடம் உண்டு. கணிதம் கற்பிக்கும் விஞ்ஞான பீடமும் அதே பல்கலைக்கழகத்தில் உண்டு. இரண்டுக்கும் இடையே ஒரு பொட்டு வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு முதுகுநோ வாரக்கணக்கில் நீடித்தால், இரவில் காய்ச்சல் காய்ந்து உடல் மெலிந்தால், எண்ணெய் பூசிக்கொண்டு காத்திராதீர்கள். "காசநோய் என்று ஊர் அறிந்தால் நாளைக்குக் கலியாணம் பேச முடியாது" என்று மறைக்கவும் வேண்டாம். மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. முள்ளென்பில் அழிவு ஒரு கூறாக இருக்கும்போதே காட்டினால், அந்தச் சமன்பாட்டுக்கு வேலையே இராது. எந்தக் கணக்கும் தேவைப்படாத முதுகே நல்ல முதுகு.