அடுக்களை மேடைக்குக் கல் எடுக்கும்போது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கட்டட வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியது)

சேமிப்பு, வங்கிக் கடன், தொழில் பற்றியெல்லாம் எனக்கு முன்னால பேசினவங்க நல்லாச் சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்திருக்கிறது சமையல் மேடைக்குக் கிரானைட் கல் வாங்குற விஷயம். "இதுக்கெல்லாம் ஒரு பேச்சா?"ன்னு வரும்போதே ரெண்டு பேரு சிரிச்சாங்க. சிரிங்க. ஆனா வீட்டு வேலைக்குன்னு உள்கடன் கேட்டவங்க எத்தனை பேருன்னு உங்க குழுவோட தீர்மான நோட்டைப் புரட்டிப் பாருங்க.

2024-ல கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. 360 சதுர அடி வீடு, மூன்றரை லட்சம் ரூபாய். அந்தப் பணத்துக்குள்ள சுவரையும் கூரையையும் முடிக்கவே இழுபறியா இருக்கு. மேடை வேலை கடைசியில வரும். அப்போ கையில காசு தீர்ந்திருக்கும், குடிபுகுற நாளும் குறிச்சிருப்பாங்க. குழுவில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் வாங்கிட்டு அவசரமா ஓடுவோம். அவசரத்துல போற காசுதான் அதிகமா ஏமாறும்.

நான் பதினெட்டு வருஷமாக் கட்டட வேலைக்குப் போறவ. கடையம், ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூர், ரவணசமுத்திரம்னு இந்தச் சுத்து வட்டாரத்துல சித்தாளாக் கலவை சுமந்து, இப்போ டைல்ஸும் கிரானைட்டும் பதிக்கிற கொத்தனாரோட வேலை செய்றேன். கல்லு எடுக்கப் போற வண்டியில எப்பவும் மூணு ஆம்பளைங்க இருப்பாங்க. வீட்டுக்காரர், கொத்தனார், விவரம் தெரிஞ்சவர்னு கூட ஒருத்தர். தினமும் காலையும் மாலையும் அந்த மேடை முன்னால நிக்கப் போற பொம்பள, வேலைக்காரங்களுக்குச் சோறு பொங்கிட்டு வீட்டுல இருப்பா. இது எனக்கு ஒத்துக்கல. அதனாலதான் பேச வந்தேன்.

முதல்ல உயரம். மேடை எவ்வளவு உயரம்னு உங்ககிட்ட யாரும் கேட்கமாட்டாங்க. கொத்தனார்கிட்ட ஒரு அளவு இருக்கும், எல்லா வீட்டுக்கும் அதுதான். அமெரிக்காவுல சமையல் மேடைன்னா 36 இஞ்ச்ங்கிறது வழக்கம். அங்க உள்ளவங்க உயரத்துக்கு அது சரி. போன்ல அந்த மாதிரி வீடுகளைப் பார்த்துட்டு இங்கயும் சிலர் 35, 36 வைக்கச் சொல்றாங்க. இந்தக் கூட்டத்துல எத்தனை பேரு அஞ்சடிக்குக் குறைவுன்னு பக்கத்துல பார்த்துக்கோங்க.

நாலடி பத்து இஞ்ச் உயரம் உள்ள ஒரு அக்கான்னு வச்சுக்குவோம். அவங்க மொத்த உயரமே 58 இஞ்ச். மேடை 35. அதுக்கு மேல கேஸ் அடுப்பு ஒரு 5. அதுக்கு மேல இட்லிக் கொப்பரை ஒரு 10. ஆக 50 ஆச்சு. கொப்பரை மூடி அவங்க நாடிக்கு நேரா வந்து நிக்கும். மூடியைத் திறந்தா ஆவி முகத்துலதான் அடிக்கும். தாழ்வா வச்சாலும் கஷ்டம்தான். பகல் பூரா பீடி சுத்தி வளைஞ்ச முதுகு, ராத்திரி காய் வெட்டும்போதும் வளையணும்.

செருப்பில்லாம நேரா நின்னு, முழங்கையை மடக்கி, அங்க இருந்து தரை வரைக்கும் அளங்க. அதுல 4 முதல் 6 இஞ்ச் கழிச்சா வர்றது உங்க மேடை உயரம். அஞ்சடி உள்ளவங்களுக்குப் பெரும்பாலும் 32, 33-ல வந்து நிக்கும். மாமியார் நெட்டை, மருமகள் குட்டைன்னா யாரு அதிக நேரம் நிக்கிறாங்களோ அவங்க அளவுதான். சண்டை வந்தா நான் பொறுப்பில்ல.

அந்த அளவைச் சுவரில் கரியால கோடு போட்டு வச்சிருங்க. கான்கிரீட் பலகை அந்தக் கோட்டுல நிக்கக் கூடாது. மேல வர்ற கலவையும் கல்லும் சேர்ந்து ஒன்றரை இஞ்ச் எடுத்துக்கும். 32 வேணும்னா கான்கிரீட் முப்பதரையில முடியணும். இன்னொண்ணு, தரையில இன்னும் டைல்ஸ் போடலைன்னா, போட்ட பிறகு தரை ஒன்றரை, ரெண்டு இஞ்ச் ஏறிடும். மேடை அந்த அளவுக்குக் குட்டையாயிடும். அதையும் சேர்த்துக் கோடு போடணும்.

இனி கல்லு. கல்லு நமக்குப் புதுசில்ல. தென்காசிப் பெரிய கோயிலும் கருங்கல், நம்ம அம்மியும் ஆட்டுரலும் கருங்கல். அந்த மாதிரிக் கல்லைப் பலகையா அறுத்து, பாலிஷ் ஏத்தினதுதான் கடையில கிரானைட்னு நிக்குது. ஆந்திராவுல ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியில இருந்து வர்ற, பொட்டுப் பொட்டா மின்னுற கறுப்பு உண்டு. மதுரை மேலூர்ப் பக்கத்து வெள்ளை உண்டு. பேரு பெருசா இருந்தா விலையும் பெருசா இருக்கும். நிறம் உங்க இஷ்டம். நான் சொல்றது ஒண்ணுதான், வெளிறின கல்லுல மஞ்சளும் எண்ணெயும் ஊறுறது சீக்கிரம் தெரியும். நம்ம சமையலுக்குக் கறுப்பு, பழுப்பு தோது.

கடப்பாக் கல் மலிவா இருக்கேன்னு சிலர் அதையே மேல போடுறாங்க. அது சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சம்பழச் சாறும் புளித்தண்ணியும் பட்டா பாலிஷ் அரிச்சுப் போயிடும். மார்பிளும் அப்படித்தான். புளி கரைக்காத நாள் நமக்கு உண்டா? மேடைக்குக் கீழ வர்ற தட்டுகளுக்குக் கடப்பாவைப் போடுங்க, மேல கிரானைட் போடுங்க. காசும் மிச்சமாகும்.

கடைக்குப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணி, ஒரு வெள்ளைத் துணி, நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணி, ஒரு டேப். இவ்வளவும் பையில இருக்கட்டும். கல்லை நிழல்ல பார்க்காதீங்க, வெயில்ல நிறுத்திக் காட்டச் சொல்லுங்க. தண்ணி ஊத்தித் துடைச்சா, விரிசல் இருக்கிற இடத்துல மட்டும் ஈரம் கோடா நிக்கும். பின்பக்கமும் பாருங்க. வலை ஒட்டியிருந்தா ஏன்னு கேளுங்க, பலமில்லாத கல்லுக்குத்தான் பெரும்பாலும் வலை ஒட்டுவாங்க. மங்கின கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏத்தி விக்கிறதும் உண்டு. நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணியை வெள்ளைத் துணியில நனைச்சு அழுத்தித் தேய்ங்க. துணி கறுத்தா அந்தக் கல்லு வேண்டாம்.

இப்போ அளவும் பில்லும். இதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. நம்ம காசு கரையுற இடம் இதுதான்.

உங்க மேடை 'எல்' மாதிரி வளையுதுன்னு வைங்க. ஒரு சுவரில் 8 அடி, அடுத்த சுவரில் 5 அடி, அகலம் 2 அடி. கடையில 8-ஐ 2-ஆல பெருக்கி 16, 5-ஐ 2-ஆல பெருக்கி 10, மொத்தம் 26 சதுர அடின்னு போடுவாங்க. தப்பு. மூலையில உள்ள 2-க்கு 2 ரெண்டு தடவை எண்ணியாச்சு. ரெண்டாவது பக்கத்துக்கு மூலை போக மூணடிதான். 16-ம் 6-ம் 22. சதுர அடி 150 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வச்சா, அந்த 4 சதுர அடிக்கு 600 ரூபாய். பீடி சுத்துறவங்களுக்குத் தெரியும், 600 ரூபாய்க்கு எத்தனை கட்டுன்னு.

முன்விளிம்பை உருட்டுறதுக்கு நோசிங், மோல்டிங்னு தனிக் கூலி, ரன்னிங் அடிக் கணக்கு. அதையும் சுவர் ஓரமா 8-ம் 5-ம் 13 அடின்னு போடுவாங்க. சுவர்ப் பக்கம் யாரு உருட்டப் போறா? நாம நிக்கிற உள்பக்கம் 6-ம் 3-ம் 9 அடிதான். ஒரு முனை சுவரில் முட்டாம திறந்து நின்னா அதுக்கு 2 அடி சேர்த்து 11. அவ்வளவுதான்.

அடுத்து, கல்லுப் பலகை நமக்கு வேண்டிய அகலத்துல கிடைக்காது. ரெண்டே முக்கால் அடி அகலப் பலகையில ரெண்டடி வெட்டினா, 8 அடி நீளத்துக்கு 9 இஞ்ச் துண்டு மிஞ்சும். அது 6 சதுர அடி. முழுப் பலகைக்கும் காசு வாங்கிட்டு அந்தத் துண்டைக் கடையிலயே போட்டுட்டு வர்றவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். அது உங்க கல்லு. வீட்டுக்குக் கொண்டு வாங்க. ஜன்னல் அடிக்கு ஆகும், வாசப்படிக்கு ஆகும், மேடைக்குப் பின்னால சுவரில் பட்டி ஒட்டலாம். மேலூர்ப் பக்கம் கல்லுக்காக நடந்த முறைகேடுகளை விசாரிக்க உயர் நீதிமன்றம் 2014-ல சகாயம் அவர்களை நியமிச்சது, 2015-ல அவர் அறிக்கை கொடுத்தார், பேப்பர்ல படிச்சிருப்பீங்க. ஏதோ ஒரு ஊரு மலையை உடைச்சு வந்த கல்லு இது. அதைக் குப்பையில போட எனக்கு மனசு வராது.

சில கடையில ரெண்டடி ஒரு இஞ்ச்சை ரெண்டேகால் அடின்னு மேல தள்ளி எழுதுவாங்க. "எந்தக் கணக்குல எழுதுறீங்க?"ன்னு முன்கூட்டியே கேட்கணும். வெட்டுக் கூலி, சிங்க் ஓட்டை, ஏத்துக் கூலி, இறக்குக் கூலி, வண்டி, வரி எல்லாத்தையும் விலை பேசும்போதே ஒரு தாள்ல எழுதி வாங்குங்க. சதுர அடி விலையைக் குறைச்சுச் சொல்லிட்டு இதுல பிடிக்கிறவங்க உண்டு.

எங்க பக்கத்துக் குழுவில் ஒரு அக்காவுக்கு நடந்தது. கல்லு வண்டியில இருந்து இறக்கும்போது சிங்க் ஓட்டை கிட்ட ரெண்டாப் போச்சு. கடைக்காரர், "கடையை விட்டு வெளிய போனா எங்க பொறுப்பு இல்லம்மா"ன்னுட்டார். கையில இருந்தது வெறும் துண்டுச் சீட்டு. கடன் தவணை மட்டும் மாசாமாசம் கட்டினாங்க. அதனால "வீட்டுல இறக்கும் வரை உடைந்தால் கடை பொறுப்பு"ன்னு பில்லுல எழுதி வாங்குங்க. எழுதமாட்டேன்னா அடுத்த கடைக்குப் போங்க. தென்காசி, பாவூர்சத்திரம், அம்பை எல்லாம் பஸ் போற தூரம்தான். சரியான பில் இருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 1915-க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

போன வருஷம் எங்க ஊராட்சியில நாலு வீட்டுக்குச் சேர்ந்து ஒரே நாளில் கல்லு எடுத்தோம். நாலு பொம்பளைங்க, நாலு அளவுச் சீட்டு, ஒரு வண்டி. வண்டிக் கூலி நாலாப் பிரிஞ்சது. ஒரு வீட்டு வெட்டு மீதி இன்னொரு வீட்டு ஜன்னலுக்கு ஆச்சு. கடைக்காரரும் விலையை இறக்கித்தான் கொடுத்தார். தனியாப் போனா "அண்ணாச்சியை வரச் சொல்லுங்கம்மா"ன்னு சொல்றவங்க, நாலு பேராப் போனா நாற்காலி போடுறாங்க.

பதிக்கிற வேலையில ரொம்பச் சொல்லல, உங்க கண்ணு பார்க்க வேண்டியதை மட்டும் சொல்றேன். 18 எம்எம் கல்லு சதுர அடிக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ. 8 அடிக்கு 2 அடின்னா 70 கிலோவுக்கு மேல. படுக்கவச்சுத் தூக்கினா நடுவுல முறியும், கண்ணாடி மாதிரி நிமிர்த்தித்தான் தூக்கணும். சிங்க் ஓட்டையோட மூலை கூரா இருக்கக் கூடாது, விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும், வளைச்சு வெட்டணும். சிங்க் பக்கமா லேசான ஓட்டம் இருக்கணும். பதிச்சு முடிச்ச மறுநாள் ஒரு ரூபாய்க் காசால தட்டிக்கிட்டே போங்க. டொக் டொக்னு வெற்றுச் சத்தம் கேட்கிற இடத்துல கலவை நிரம்பலைன்னு அர்த்தம். கூலி முழுசாக் கொடுக்கிறதுக்கு முன்னாடி தட்டுங்க.

சிலிண்டரைக் கீழ வைக்கிறதா இருந்தா, அந்த இடத்துக்குத் தரை ஓரமாக் காத்து போக வழி விடச் சொல்லுங்க. கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும். சிலிண்டர் நிமிர்ந்து நிக்க, ரெகுலேட்டரைக் கை விட்டு மூட உயரம் இருக்கான்னு கல்லு பதிக்கிறதுக்கு முன்னாடியே வச்சுப் பார்த்துடணும்.

இது நான் வேலை செய்ற இடத்துல தினம் பார்க்கிறது. கல்லை வீட்டுக்குள்ள வச்சு வறட்டா அறுக்கிறாங்க. வெள்ளைப் புகை மாதிரி தூசி கிளம்பும். அந்தத் தூசி நுரையீரல்ல படிஞ்சா சிலிகோசிஸ்னு ஒரு நோய், குணமாக்க மருந்து கிடையாது. கல்லுத் தூளையும் பசையையும் சேர்த்துச் செய்ற குவார்ட்ஸ் பலகையை அறுத்த தொழிலாளிகளுக்கு இந்த நோய் வந்ததால, ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைக்கே தடை போட்டுட்டாங்க. இங்க அது விலை கூடின சரக்கா வருது. சூடான சட்டியை நேரா வச்சா அதுல இருக்கிற பசை கருகும், நமக்கு வேண்டாம். கிரானைட்டிலயும் அந்தத் தூசி உண்டு. தண்ணி ஊத்தி, வெளித் திண்ணையில வச்சு அறுக்கச் சொல்லுங்க. பிள்ளைங்களைப் பக்கத்துல விடாதீங்க. அறுக்கிற பையன் தூசியைத் தடுக்கிற முகக்கவசம் போட்டிருக்கானான்னு பாருங்க. "வீடு நனையும், சேறாகும்"னு வீட்டுக்காரங்கதான் தண்ணி வேண்டாம்னு சொல்றது. அப்படிச் சொல்லாதீங்கம்மா. சேத்தை நான் கழுவித் தர்றேன்.

வேலை முடிஞ்சதும் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊத்துவாங்க, கல்லு மேல ஊத்த விடாதீங்க. பாலிஷ் மங்கிப் போகும். சாதா சோப்புத் தண்ணி போதும். ரெண்டு நாள் மேல பாரம் வைக்காதீங்க, பிள்ளைங்களை ஏறி உட்கார விடாதீங்க.

டேப் கொண்டு வந்திருக்கேன். வீடு கட்டிட்டு இருக்கிறவங்க சாப்பிட்டதும் அந்த வேப்பமரத்தடிக்கு வாங்க, முழங்கை அளவு எடுத்துச் சீட்டுல எழுதித் தர்றேன்.