முதுசமும் தேட்டமும்



மரணசாசனம் ஒன்றைப் படித்துப் பார்த்தால், எழுதியவனுடைய அன்பு எங்கே இருந்தது என்பது தெரியும். எது அவனுடையது, எது அவனுடையதன்று என்பதும் உடனே தெரிந்துவிடும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேசத்துக் கிராமவாசி ஒருவன் எழுதுவித்த சாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்மா இறைவனுக்கு, உடல் தேவாலய முற்றத்துக்கு, செலுத்த மறந்த தசமபாகத்துக்காகப் பீடத்துக்குச் சில காசு, ஊர்ப்பாலம் செப்பனிடச் சில காசு, ஆடும் பானையும் மேலங்கியும் மக்களுக்கு. நிலத்தைப் பற்றிய பேச்சோ அரிது. 1540ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, பொதுவாக நிலத்தை மரணசாசனத்தால் கொடுக்க அந்நாட்டில் இடமில்லை. அது வழக்கம் காட்டிய வழியே சென்றது.

நமது மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இதற்கு ஒத்த ஒரு நியதி இருந்தது. முக்குவர் வழமை என்பது அதன் பெயர். கிறிஸ்தோபர் பிரிட்டோ என்னும் நியாயவாதி 1876இல் அதனைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அவ்வழமை ஒருவனுடைய சொத்தை இரண்டாகப் பகுத்தது. தாய்வழியில் வந்தது முதுசம். தன் முயற்சியால் ஈட்டியது தேட்டம். தேட்டத்தை அவன் விரும்பியவர்க்குக் கொடுக்கலாம். முதுசம் அப்படியன்று, அது சகோதரியின் மக்களுக்கே சேரவேண்டும்.

படுவான்கரையில் பரந்த வயல் வைத்திருந்த போடியார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வரம்பு வரம்பாகத் தம்மோடு நடந்து பழகிய மகனுக்கு அவர் அந்த வயலைக் கொடுக்க இயலாது. அது மருமகனுக்குரியது. கேட்பவர்க்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த மகன் அநாதையல்லன்; அவனுக்கும் ஒரு தாய்மாமன் உண்டு, அந்த மாமனுக்கும் வயல் உண்டு. அன்பின் கணக்கைத் தேட்டத்தில் தீர்த்துக்கொள். குடியின் கணக்கில் கைவைக்காதே என்பதே வழமையின் கருத்து.

அறக்கொடைகளும் பெரும்பாலும் குடியோடு பிணைந்தே நின்றன. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயிலிலே குடிகளுக்கெனத் திருவிழா உரிமைகள் உண்டு. வண்ணக்கர் பதவியும் குடிவழி வருவது. தனி ஒருவர் விளக்கெண்ணெய்க்கோ அன்னதானத்துக்கோ ஒரு துண்டு வயலை எழுதிவைப்பதுண்டு. ஆனால் தாயிடமிருந்து மக்களுக்கு இறங்கும் திருவிழாப் பங்கை எவரும் உறுதியில் எழுதவேண்டியதில்லை. வாவிக்கரை முஸ்லிம் மக்களிடத்தும் ஓர் எல்லை உண்டு: இஸ்லாமிய நெறிப்படி, மரணசாசனத்தால் கொடுக்கத்தக்கது சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாது.

1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தோடு முக்குவர் வழமையின் சட்டவலு நீங்கிற்று. வாழ்க்கைத் துணைக்குப் பாதி, மக்களுக்குச் சமபங்கு என்ற பொதுவிதி வந்தது. மாமனின் வயல் மருமகனைத் தேடிச் செல்வது படிப்படியாக நின்றது. ஆனால் தாய்வழி முறை அழிந்துவிடவில்லை. மரணசாசனத்தை விட்டுச் சீதன உறுதிக்குள் குடிபுகுந்தது என்பது என் எண்ணம். மூத்த மகளின் மணத்தோடு வீடும் வளவும் அவள் பெயருக்கு மாறும். பெற்றோர் அதே வளவிலோ அயலிலோ சிறிய வீடு ஒன்று கட்டி ஒதுங்குவர். அடுத்தவளுக்கு இன்னொரு வீடு. தமிழரும் முஸ்லிம்களும் இதில் ஒன்றே. தகப்பன் கண்மூடும் வேளையில், பகிர்ந்தளிக்கப் பெரும்பாலும் ஒன்றும் எஞ்சியிராது. நொத்தாரிசுக்கு வேலை கல்யாண வீட்டிலேதான், சாவீட்டிலன்று.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை எழுவான்கரையில் இவ்வீடுகள் பலவற்றைத் துடைத்துச் சென்றது. மீள்குடியேற்றத்தின்போது ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டுப் பதிந்தார்கள். பெரும்பாலும் கணவனின் பெயரே எழுதப்பட்டது. தாய் தந்த வீட்டில் வாழ்ந்தவள், கணவன் பெயரிலுள்ள வீட்டுக்குக் குடிபோனாள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி வேண்டுமென்று பெண்கள் அமைப்புகள் கேட்டன.

அதற்கப்பால் இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய வளவில் இரண்டாம் மகளுக்கு ஒரு வீடு கட்ட இடமிருந்தது. புதிய குடியேற்றத்தில் அளந்து கொடுத்த துண்டிலே ஒரு வீட்டுக்கே இடம். கலியாண வயதில் நிற்கும் பெண்களோ இருவர்.