“அம்மா பேன் பார்த்த மாதிரி இருக்கும், டீச்சர்”

(குறுவள மையக் கூட்டத்தில் கச்சிராயபாளையம் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. கல்வராயன் மலைப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் மிளகு பறிக்கக் கேரளா போய்விட்டார்கள். இங்கே ஆயா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். தினமும் முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவாள். இரண்டு நாள் எழுப்பி நிற்க வைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தேன்.

“ராத்திரி செல்போன்ல ஹெட்செட் போட்டுக் கேட்பேன், டீச்சர்.”

பாட்டா என்றேன். இல்லையாம். ஒரு பெண் கிசுகிசுவென்று பேசுவாளாம்; சீப்பின் பற்களை விரலால் வருடுவாளாம்; காகிதத்தை மெல்லக் கசக்குவாளாம்.

“அதைக் கேட்டால் எப்படி இருக்கும்?”

“எங்கம்மா பேன் பார்த்த மாதிரி இருக்கும், டீச்சர்.”

அதற்குமேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். இதற்கு ஏ.எஸ்.எம்.ஆர். என்று பெயர். 2010இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜெனிபர் ஆலன் வைத்த பெயர் அது. மெல்லிய ஒலியைக் கேட்கும்போது உச்சந்தலையில் தொடங்கி, பிடரி வழியாக முதுகில் இறங்கும் ஒரு சிலிர்ப்பு. எல்லோருக்கும் இது வருவதில்லை. வருகிறவர்களுக்கு, இத்தகைய காணொலியைப் பார்க்கும்போது இதயத்துடிப்பு நிமிடத்திற்குச் சராசரியாக 3 குறைந்ததாக இங்கிலாந்தின் ஷெபீல்டு பல்கலைக்கழக ஆய்வு 2018இல் கூறியது. ஆக, அந்தப் பிள்ளை கதை விடவில்லை.

நம் வீடுகளுக்கு இது புதிதும் இல்லை. தாலாட்டு, தூளிக் கயிறு உத்தரத்தில் உராயும் ஓசை, முதுகில் தட்டும் கை, எண்ணெய் தேய்க்கும் விரல், எல்லாம் இதே வேலையைத்தான் செய்தன. ஒருவர் அவசரமில்லாமல் நம்மையே கவனிக்கிறார் என்ற நிம்மதியில்தான் பிள்ளை தூங்குகிறது.

அவளுக்குக் கெடுதல் செய்தது ஒலி அல்ல, செல்போன். ஒரு காணொலி முடிந்தால் அடுத்தது தானாக ஓடும், மணி பன்னிரண்டாகிவிடும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம்.

ஆயாவிடம் பேசினேன். இப்போது ஒன்பது மணிக்குப் போன் ஆயாவின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடுகிறது. ஆயா தலை வாரிவிட்டபடி கதை சொல்கிறார். அம்மா சாயங்காலமே போனில் பேசிவிடுகிறார். இன்னும் சில நாள் வகுப்பில் கண் சொருகத்தான் செய்கிறது. ஆனாலும் முதல் பாடவேளையில் கை தூக்கிப் பதில் சொல்கிறாள்.

நண்பர்களே, வாரக்கணக்கில் தூக்கம் வராத பிள்ளையை மருத்துவரிடம் அனுப்புவோம். மனம் விட்டுப் பேச 14417 உதவி எண்ணைச் சொல்லிக் கொடுப்போம். அதற்கெல்லாம் முன்னால், வகுப்பில் தூங்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்போம்: “ராத்திரி உன் பக்கத்தில் யார் படுத்துக்கொள்கிறார்கள்?”