முட்டுக் கொடுக்கும் வீரர்



மாலை நேரத்தில் தோட்டத்துத் திடலில் நம் பிள்ளைகள் காற்பந்து விளையாடுவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். விளையாட்டையே தொழிலாகக் கொண்டு உலகப் புகழ் பெற்றவர்களைப் பற்றியும் அவர்கள் ஆவலோடு பேசிக்கொள்கிறார்கள். அத்தகைய ஒரு தொழிலில் கிடைக்கும் ஊதியம் என்ன, அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதை ஒரு வீரரின் வாழ்க்கையைக் கொண்டு இன்று சிந்திப்போம். அவர் காற்பந்து வீரர் அல்லர். ரக்பி வீரர்.

ரக்பி நம் நாட்டுக்குப் புதிய விளையாட்டன்று. துரைமார்கள் தங்கள் கிளப் திடல்களில் விளையாடி வந்ததுதான். 1921ஆம் ஆண்டில் ‘மலாயா’ என்னும் பெயருடைய ஆங்கிலேயப் போர்க்கப்பல் இங்கு வந்தபோது, அதன் மாலுமிகள் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என இரண்டு கிண்ணங்களை அன்பளிப்பாக வழங்கினார்கள். ஆனாலும் தோட்டத்து மக்களாகிய நமக்கு இந்த ஆட்டம் அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆகவே முதலில் அதைச் சற்றே விளக்கிவிடுவோம்.

ரக்பி யூனியன் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 15 பேர். ஆட்ட நேரம் 80 நிமிடம். முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்புறம் எறியக் கூடாது. சிறிய தவறு நேர்ந்து ஆட்டம் நின்றுவிட்டால், அதை மீண்டும் தொடங்க ‘ஸ்கிரம்’ என்ற முறை இருக்கிறது. ஒவ்வோர் அணியிலிருந்தும் எட்டுப் பேர் மூன்று வரிசையாகப் பிணைந்து, குனிந்து, எதிர் அணியின் எட்டுப் பேரோடு தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். இரண்டு செம்மறிக் கடாக்கள் மோதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மோதுவது பதினாறு கடாக்கள்!

முன்வரிசையில் மூன்று பேர் நிற்பார்கள். நடுவில் நிற்பவர் பந்தைக் காலால் கொக்கி போட்டு இழுப்பவர். அவருக்கு இருபுறமும் நின்று தாங்குகிற இருவருக்குத்தான் ‘ப்ராப்’ என்று பெயர். சுவர் சாயாமல் இருக்க நாம் மரத்தால் முட்டுக் கொடுக்கிறோம் அல்லவா? அந்த முட்டுக்கால்தான் ப்ராப். வலப்புறம் நிற்கும் 3ஆம் எண் சட்டைக்காரரின் வேலை மிகக் கடினமானது. அவருடைய தலை எதிரிகள் இருவருக்கு நடுவே புகுந்திருக்கும். அவருடைய இரு தோள்களிலும் எதிரிகளின் பாரம் இறங்கும். பின்னாலிருந்து சொந்த அணியினரும் அவரைத்தான் தள்ளுவார்கள். பந்தை ஏந்தி ஓடிப் புள்ளி எடுப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும். முட்டுக் கொடுத்தவரின் முகம்கூடப் பார்வையாளர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் சாய்ந்தால் அணியே சாய்ந்துவிடும்.

அப்படிப்பட்ட 3ஆம் எண் வீரர்களில் புகழ் பெற்றவர் நியூசிலாந்து நாட்டின் கார்ல் ஹேமன். 1979ஆம் ஆண்டு தரனாக்கி வட்டாரத்தில் உள்ள ஒபுனாக்கி என்ற சிற்றூரில் பிறந்தார். பால்மாட்டுப் பண்ணைகள் நிறைந்த வட்டாரம் அது. ஆறடி நான்கு அங்குல உயரம். ஏறக்குறைய 120 கிலோ எடை. 2001ஆம் ஆண்டு, ‘ஆல் பிளாக்ஸ்’ என்று உலகம் அழைக்கும் நியூசிலாந்து தேசிய அணியில் அவர் இடம் பெற்றார். அந்த அணியின் நெடிய வரலாற்றில் அவர் 1000ஆவது வீரர். நாட்டுக்காக 45 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடினார்.

ஒரு காலத்தில் ரக்பி யூனியன் ஆடியவர்கள் ஊதியம் வாங்கக் கூடாது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. அதன்பின் உழவரும் கொத்தனாரும் காவலரும் ஓய்வு நேரத்தில் ஆடிய ஆட்டம், முழுநேரத் தொழிலாக மாறியது. ஹேமன் 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசல் அணிக்குச் சென்றபோது, உலகிலேயே மிக அதிகச் சம்பளம் பெறும் ரக்பி வீரர்களில் ஒருவர் அவர் என்று பத்திரிகைகள் எழுதின. 2010இல் பிரான்சு நாட்டின் தூலோன் துறைமுக நகரத்து அணியில் சேர்ந்தார். அந்த அணி 2013, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. 2015ஆம் ஆண்டில், 35 வயதில், அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். பணம், புகழ், கிண்ணம் எல்லாம் கிடைத்தன. கதை இங்கேயே முடிந்திருந்தால் நாமும் மகிழ்ச்சியோடு விடைபெற்றிருக்கலாம்.

ஓய்வுக்குப் பின் அவருக்குத் தீராத தலைவலி வந்தது. நினைவு தடுமாறியது. தமக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவரே அஞ்சினார். மருத்துவரிடம் செல்ல ஓராண்டுக் காலம் தயங்கினார். சோதித்துப் பார்த்த மருத்துவர்கள், இளவயதிலேயே வரும் மறதி நோய் என்று கூறினார்கள். அப்போது அவருக்கு வயது 41. பாட்டன் பாட்டிக்கு எழுபது எண்பது வயதில் வருவதாக நாம் அறிந்திருக்கும் நோய், நடுவயதை எட்டும் முன்பே அவரைப் பிடித்துக்கொண்டது. 2021ஆம் ஆண்டில் அவர் இதை உலகறியச் சொன்னார்.

அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த துன்பம் இதுவன்று. 2003ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் முன்வரிசை வீரர் ஸ்டீவ் தாம்சன், அந்த வெற்றியே தம் நினைவில் இல்லை என்று கூறினார். நாடே கொண்டாடிய நாள் அது. அவருக்கு மட்டும் அது இல்லாமல் போய்விட்டது. அவரும் ஹேமனும் வேறு பல வீரர்களும், தங்களை உரிய முறையில் பாதுகாக்கவில்லை என்று விளையாட்டை நடத்தும் அமைப்புகள்மீது வழக்குத் தொடுத்தார்கள்.

இந்த நோய் எப்படி வருகிறது? தயிர்ப் பானை ஒன்றைச் சுவரில் இடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பானை உடையாமல் இருக்கலாம். உள்ளே உறைந்த தயிர் குலைந்துவிடும். மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளையும் ஏறக்குறைய அப்படித்தான். மயங்கி விழச் செய்யும் பேரிடி மட்டுமே தீங்கு செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஆட்டத்திலும் பயிற்சியிலுமாகப் பல ஆண்டுகள் விழும் சிறு இடிகளும் சேர்ந்து மூளையைக் கெடுக்கக்கூடும் என்று மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா?

உண்மை வெளிவந்த பின் விதிகளும் மாறி வருகின்றன. முன்பெல்லாம் ஸ்கிரத்தில் இரு அணியினரும் விலகி நின்று, சட்டென்று பாய்ந்து மோதுவார்கள். 2013 முதல், முன்வரிசையினர் எதிரியின் சட்டையை முதலில் பற்றிக்கொண்ட பிறகே முட்ட வேண்டும் என்று விதி வந்தது. முதல் மோதலின் வேகம் குறைந்தது. தலையில் அடிபட்டவரைத் திடலுக்கு வெளியே அழைத்துச் சென்று சோதிக்கும் முறை வந்தது. முழு மோதலுடன் கூடிய பயிற்சியை வாரத்துக்கு 15 நிமிடத்துக்குமேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று 2021இல் உலக ரக்பி அமைப்பு அறிவுறுத்தியது. பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறந்து பேசியதும் இத்தகைய மாற்றங்களுக்கு ஒரு காரணம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நேயர்களே, நம்மவர்களும் தோளை நம்பியே வாழ்ந்தவர்கள். பால் வாளி சுமந்த தோள், செம்பனைக் குலை தூக்கிய தோள். வலித்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாள் பிரட்டுக்குப் போவதுதான் நம் வழக்கம். “இது ஒரு வலியா?” என்று கேட்பதைப் பெருமையாகவும் நினைத்தோம். உலகப் புகழ் பெற்ற வீரரும் இதையேதான் செய்தார். வலியைப் பொறுப்பது வேறு. வலியை மறைப்பது வேறு. வேலையில் அடிபட்டால் அன்றே தெரிவித்துப் பதிவு செய்யுங்கள். சொக்சோ உதவி பெறுவதற்கு அந்தப் பதிவு துணை நிற்கும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண் சாண் உடம்புக்குத் தலையே பிரதானம். விளையாடும்போது தலையில் அடிபட்ட பிள்ளையை, அழுகை நின்றுவிட்டது என்பதற்காக அன்றே மீண்டும் ஆட அனுப்பாதீர்கள். வாந்தி, தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பள்ளியில் அடிபட்டால் ஆசிரியர்களாகிய நாங்கள் வீட்டுக்குச் சொல்வோம். வீட்டில் அடிபட்டால் நீங்களும் எங்களிடம் சொல்லுங்கள்.

விளையாட வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விளையாட்டு உடலுக்கு உரம், உள்ளத்துக்கு ஒழுங்கு. ஆனால் உடல் வலிமையை மட்டும் நம்பிய தொழில் முப்பத்தைந்து வயதில் முடிந்துவிடுகிறது. அதன்பின்னும் நாற்பது ஆண்டு வாழ்க்கை காத்திருக்கிறது. அந்த நாற்பது ஆண்டுக்கும் முட்டுக் கொடுக்கப் போவது கல்வியும் தெளிந்த அறிவும்தான். சுவரை வைத்துத்தான் சித்திரம். நம் பிள்ளைகளின் உடலையும் அறிவையும் ஒருசேரக் காப்போமாக.