கன்னியாகுமரிக்கு மறுபடியும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

பிப்ரவரியில் கன்னியாகுமரி சுற்றுலா என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பதைப் பேத்தி படித்துச் சொன்னாள். வீடு வீடாகப் பெயர் எழுத வந்தவர்கள் எங்கள் கதவை மட்டும் தட்டவில்லை. "சாருக்குச் சிரமம், அங்கே போய் அவர் என்ன பார்க்கப்போகிறார்?" என்று மாடிப்படியில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கோபமில்லை. கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

வங்கி வேலையில் இருந்தபோது எல்.எஃப்.சி. எடுத்து மூன்று முறை அங்கே போயிருக்கிறேன். கண் அழுத்த நோயில் பார்வை முழுவதும் போனபிறகு, சென்ற ஆண்டு மனைவியோடு நான்காவது முறை போய்வந்தேன்.

திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி எழும்பூர். மெட்ரோ தரையில் மேடு வைத்துப் பதித்த ஓடுகள் கைத்தடிக்கு நன்றாகவே வழி சொல்கின்றன. ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். ஆனால் முழுப் பார்வையிழந்தவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதச் சலுகை உண்டு. உரிய சான்று வேண்டும். நம் குடியிருப்பிலேயே இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

சூரிய உதயத்துக்கு எல்லோரோடும் நின்றேன். கூட்டம் 'ஓ' என்று கத்தி, போட்டோ எடுத்து, டீக்கடைக்குக் கலைந்த பிறகுதான் என் முகத்தில் சூடு பட்டது. உங்களுக்கு உதயம் முடியும்போது எனக்குத் தொடங்குகிறது!

திருவள்ளுவர் சிலை 133 அடி. பீடம் 38, சிலை 95. கண் இருந்த காலத்தில் படகிலிருந்தே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இந்த முறை உள்ளே படியேறி வள்ளுவரின் பாதம் வரை போனேன். கால்விரல் ஒன்றை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தபோதுதான் 95 அடி என்பது எவ்வளவு என்று உடம்புக்குப் புரிந்தது.

அங்கிருந்து விவேகானந்தர் பாறைக்கு 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம். 77 மீட்டர் நீளம். காலுக்குக் கீழே கடல் தெரிகிறதென்று ஆளாளுக்கு அலறுகிறார்கள். கீழே பார்த்தால்தானே பயம்? என் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்று அவளுக்கு வழித்துணை நான். பாறையில் தியான மண்டபத்திலோ எல்லோரும் கண்ணை மூடித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிரமம் இல்லாமல் இல்லை. படகில் ஏறும்போது உதவ வந்த இருவர் அக்குளில் கை கொடுத்து மூட்டைபோலத் தூக்கினார்கள். நல்ல மனசுதான். ஆனால் கால் எங்கே இறங்கப்போகிறது என்று தெரியாத அந்த ஒரு நொடி வயிற்றைக் கலக்கிவிடும். என்னைப் பிடிக்காதீர்கள், உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன். அரையடி முன்னால் நடந்து, "படி ஏறணும்", "படி இறங்கணும்" என்று சொன்னால் போதும். "அதோ அங்கே" என்பது எனக்கு உதவாது. "வலது கைப்பக்கம்" என்றால் புரியும். விலகிப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் போனது தெரியாமல் கடற்காற்றோடு பேசிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பெயர்ப் பட்டியலில் எங்கள் இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பிளாக்கில் பார்வை மங்கிவரும் அம்மா ஒருவர் இருக்கிறார். வருவாரா மாட்டாரா என்று அவரிடமே கேளுங்கள். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். காசிமேடு தாண்டிவிட்டோமா என்று நான் மூக்காலேயே சொல்லிவிடுவேன்.