பெயரை மறைச்சுட்டுக் கேளுங்க: ஜாய்ஸ் ஹாட்டோவின் நூறு சிடி

இந்த எபிசோடில் கொஞ்சம் பியானோ, கொஞ்சம் துப்பறியும் கதை, கொஞ்சம் மெட்டாடேட்டா. மேற்கத்திய செவ்வியல் இசை பற்றி ஒண்ணுமே தெரியாதவங்களும் தாராளமா வந்து உட்காரலாம். இது இசையைப் பற்றிய கதை மட்டும் இல்லை. நாம எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பற்றிய கதையும்கூட.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். சினிமாவில் ஒரு பாட்டு என்றால் அது ஒரு ரெக்கார்டிங். அந்தக் குரல், அந்த வயலின், அந்தத் தபேலா எல்லாம் சேர்ந்ததுதான் 'அந்தப் பாட்டு'. செவ்வியல் பியானோவில் கணக்கே வேற. ஷோபின் 1849-ல் இறந்துவிட்டார். எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877-ல். அதனால் ஷோபின் வாசித்து நம்மிடம் எதுவும் கிடையாது. அவர் விட்டுட்டுப் போனது காகிதத்தில் எழுதிய இசைக்குறிப்பு மட்டும்தான். நம்ம பாஷையில் சொன்னால் அது சோர்ஸ் கோட். பின்னால் வந்த ஒவ்வொரு பியானோ கலைஞரும் அதைத் தன் விரலில் ரன் பண்ணிக் காட்டுறாங்க. கோட் ஒண்ணுதான். அவுட்புட் ஒவ்வொருத்தருக்கும் வேற.

அதனாலதான் இந்த உலகத்தில் ஒரே படைப்புக்கு ஐம்பது, நூறு பதிவுகள் இருக்கு. சேகரிப்பாளர்கள் ஒரே படைப்பை எட்டுப் பேர் வாசித்த எட்டு ஆல்பங்களை அலமாரியில் வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க. எந்தப் பதிவு சிறந்தது என்று சண்டை போடுறதுதான் அவங்க பொழுதுபோக்கு. அந்தச் சண்டையில் நடந்த மிகப் பெரிய மோசடி ஒன்றைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ஜாய்ஸ் ஹாட்டோ. 1928-ல் பிறந்த ஆங்கிலேயப் பியானோ கலைஞர். 1950-கள், 60-களில் கச்சேரிகள் செய்தார், சில பதிவுகளும் வந்தன. ஓரளவு தெரிந்த பெயர், அவ்வளவுதான். 1976-க்குப் பிறகு மேடை ஏறவில்லை. புற்றுநோய் என்று சொல்லப்பட்டது.

இருபத்தைந்து வருஷம் கழித்து, 2000-களின் தொடக்கத்தில், திடீரென்று அவர் பெயரில் சிடிக்கள் வரிசையா வர ஆரம்பித்தன. வெளியிட்டது கான்சர்ட் ஆர்டிஸ்ட் என்ற சின்ன நிறுவனம். நடத்தியவர் ஹாட்டோவின் கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப். ஒண்ணு ரெண்டு இல்லை, சில வருஷங்களில் நூறுக்கும் மேற்பட்ட சிடிக்கள். பாக், மோட்ஸார்ட், பேத்தோவன், ஷோபின், லிஸ்ட், ராக்மானினோவ் என்று பியானோவுக்கு எழுதப்பட்டதில் பாதி அதில் இருந்தது. கைதேர்ந்தவர்களே தொடப் பயப்படுகிற படைப்புகள்கூட இருந்தன. எழுபது வயதைத் தாண்டிய, நோயோடு போராடுகிற ஒரு பெண், வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராமல் இதையெல்லாம் வாசிக்கிறார் என்பதுதான் கதை.

யாருக்குத்தான் இந்தக் கதை பிடிக்காது? விமர்சகர்கள் உருகினார்கள். உலகம் கவனிக்காமல் விட்ட மேதை என்று எழுதினார்கள். அவர் வாசிப்பில் அவங்களுக்குப் பிடித்த ஒரு விஷயம், ஒவ்வொரு இசையமைப்பாளருக்கும் ஏற்ற மாதிரி அவர் ஆளே மாறிவிடுகிறார் என்பது. மோட்ஸார்ட் வாசித்தால் ஒருத்தர் மாதிரி, லிஸ்ட் வாசித்தால் இன்னொருத்தர் மாதிரி. கொஞ்சம் பொறுங்க, அதுக்குக் காரணம் ரொம்ப எளிமையானது.

இணையத்தில் சில ரசிகர்களுக்கு முன்பே சந்தேகம் இருந்தது. உடம்பு சரியில்லாத ஒருவரால் இத்தனை சிடி எப்படி முடியும்? இசைக்குழுவோடு வாசித்த பதிவுகளில் ரெனே கோலர் என்று ஒரு நடத்துநரின் பெயர் வருகிறதே, அவர் யார்? கேட்டவங்களை 'நோயாளியைப் போய் சந்தேகப்படுறீங்களே' என்று மற்ற ரசிகர்கள் அடக்கிவிட்டார்கள். 2006 ஜூனில் ஹாட்டோ இறந்தார். அஞ்சலிக் குறிப்புகள் அவரை வானளாவப் புகழ்ந்தன.

ஏழெட்டு மாதம் கழித்து, 2007 தொடக்கத்தில், அமெரிக்காவில் ஒரு ரசிகர் ஹாட்டோவின் லிஸ்ட் சிடி ஒன்றை கம்ப்யூட்டரில் போட்டார். லிஸ்ட் எழுதிய பன்னிரண்டு 'டிரான்ஸென்டென்டல் எட்யூட்ஸ்', பியானோவில் மிகக் கடினமான படைப்புகளில் ஒன்று. ஐட்யூன்ஸ் திறந்தது, ஆல்பத்தின் விவரம் திரையில் வந்தது. வாசித்தவர் பெயர்: லாஸ்லோ சைமன்.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கலா போவோம், எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். சாதாரண ஆடியோ சிடியில் பாட்டின் பெயரோ பாடியவர் பெயரோ பெரும்பாலும் கிடையாது. அதில் இருப்பது ஒலியும், ஒரு சின்ன அட்டவணையும்தான். எந்த டிராக் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று நிமிஷம், நொடி, அதற்கும் கீழே ஒரு நொடியை 75 துண்டாக்கிய கணக்கில் அதில் எழுதியிருக்கும். ஐட்யூன்ஸ் அந்த எண்களை கிரேஸ்நோட் என்ற டேட்டாபேஸுக்கு அனுப்பும். அங்கே அதோடு பொருந்துகிற ஆல்பம் இருந்தால் பெயர் திரும்பி வரும். பன்னிரண்டு டிராக்கின் நீளமும் இன்னொரு சிடியோடு அவ்வளவு நுணுக்கமாகத் தற்செயலா பொருந்துவது நடக்கிற காரியமா?

அந்த ரசிகர் ஒரு விமர்சகருக்குத் தகவல் சொன்னார். விமர்சகர் ரெண்டு சிடியையும் கேட்டுப் பார்த்து, லண்டனில் கிராமபோன் பத்திரிகைக்குச் சொன்னார். அவங்க பிரிஸ்டைன் ஆடியோ நிறுவனத்தின் ஆண்ட்ரூ ரோஸ் என்ற ஒலிப் பொறியாளரிடம் அனுப்பினார்கள். அவர் ரெண்டு பதிவின் அலைவடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பார்த்தார். சிடியில் ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள் இருக்கும். ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே பியானோவில் ரெண்டு தடவை வாசித்தால்கூட அந்த அளவில் ஒத்துப்போகாது. இங்கே பன்னிரண்டில் பத்து டிராக் சைமனுடையது. ஸ்வீடனின் பிஸ் நிறுவனத்துக்காக அவர் 1980-களில் பதிவு செய்தது.

அதுக்கப்புறம் சீட்டுக்கட்டு சரிந்த மாதிரிதான். ராக்மானினோவ் கான்செர்ட்டோ என்று வந்தது யெஃபிம் பிரான்ஃப்மன் வாசித்தது. நடத்துநர் ரெனே கோலர் அல்ல, எசா-பெக்கா சலோனென். சில டிராக்குகளில் கண்டுபிடிக்காமல் இருக்க வேகத்தை மட்டும் சற்று மாற்றியிருந்தார்கள். இதே சமயத்தில் இங்கிலாந்தில் நிக்கோலஸ் குக், கிரெய்க் சாப் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஷோபினின் மஸூர்காக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தாள அடியும் எந்த நொடியில் விழுகிறது என்று பல கலைஞர்களின் பதிவுகளில் குறித்து, கம்ப்யூட்டரில் ஒப்பிட்டார்கள். அதில் ஹாட்டோவும் யூஜின் இன்ட்ஜிக்கும் அச்சு அசலாக ஒண்ணா வந்தார்கள். மோசடி பிடிக்க யாரும் உட்காரவில்லை. டேட்டா தானாகக் காட்டிக்கொடுத்தது.

ஒவ்வொரு சிடியிலும் ஏன் வேற வேற ஆள் மாதிரி வாசித்தார் என்று கேட்டோமே? வேற வேற ஆள்தான்!

பாரிங்டன்-கூப் முதலில் மறுத்தார். பிறகு பிஸ் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் ஒத்துக்கொண்டார். மனைவி வாசிக்கும்போது வலியில் முனகுகிற சத்தம் பதிவில் விழுந்துவிடும், அதை மறைக்க வேறு பதிவுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டினேன், போகப்போக துண்டு பெரிதாகிவிட்டது, மனைவிக்கு எதுவும் தெரியாது என்றார். பிஸ் தலைவர் வழக்குப் போடவில்லை. பின்னாளில் பிபிசி இதை ஒரு படமாகவே எடுத்தது.

சரி, கதை முடிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல்தான் வருது.

எல்லாரும் சிரித்தது விமர்சகர்களைப் பார்த்து. ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த வாசிப்பு நல்லா இருந்தது என்று அவங்க சொன்னது பொய் இல்லை. உண்மையிலேயே நல்லா இருந்தது! கேள்வி வேற. அதே வாசிப்பு, அதே நொடிகள், லாஸ்லோ சைமன் என்ற பெயரில் கடைகளில் பல வருஷம் இருந்ததே, அப்போ ஏன் இந்த அளவுக்கு யாரும் உருகவில்லை? பிரான்ஃப்மனின் ராக்மானினோவ் பதிவு வந்தபோது பெரிசா பாராட்டாத ஒரு விமர்சகர், அதே பதிவு ஹாட்டோ பெயரில் வந்தபோது உச்சத்தில் வெச்சு எழுதினார். ஒலி மாறவில்லை. அட்டையில் இருந்த பெயரும் அதோடு வந்த கதையும்தான் மாறின.

இந்தக் கதையில் உண்மையில் இழந்தவங்க சைமனும் இன்ட்ஜிக்கும் அவங்களைப் போல இன்னும் பலரும்தான். வருஷக்கணக்கா உழைத்து வாசித்தார்கள். கிடைக்க வேண்டிய பாராட்டு வேறொரு பெயரின் விலாசத்துக்குப் போய்விட்டது. திருட்டு நடந்தது கான்சர்ட் ஆர்டிஸ்ட் நிறுவனத்தில்தான், சந்தேகமே இல்லை. ஆனா அந்தப் பாராட்டை முதலிலேயே அவங்களுக்குக் கொடுக்காமல் வெச்சிருந்தது, பெயரைப் பார்த்துட்டு கேட்கிற காதுகள்.

இந்த விஷயத்தில் நாம மட்டும் என்ன, யோக்கியமா? பிளேலிஸ்ட்டில் பெயரைப் பார்த்ததும் நமக்கும் பாதி முடிவு ஆகிவிடுகிறது. அதனால் பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்க நான் பயன்படுத்துகிற முறையைச் சொல்றேன். செலவு எதுவும் இல்லை.

முதல் வேலை, சின்னதா ஒரு படைப்பை எடுங்க. பாக் எழுதிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' முதலில் வருகிற 'ஆரியா' நல்ல தேர்வு. கனடாவின் கிளென் கூல்ட் இந்தப் படைப்பை நியூயார்க்கின் 30-வது தெருவில் இருந்த ஒரே ஸ்டுடியோவில் ரெண்டு தடவை பதிவு செய்தார், 1955-லும் 1981-லும். முதல் பதிவு முழுசும் 38 நிமிஷத்துக்குச் சற்று மேல். ரெண்டாவது 51 நிமிஷத்துக்கு மேல். ஆரியா மட்டும் எடுத்தால் முதல் பதிவில் ரெண்டு நிமிஷம்கூட இல்லை, ரெண்டாவதில் மூணு நிமிஷம். ஒரே மனிதர், ஒரே இசைக்குறிப்பு, நடுவில் 26 வருஷம். இதோடு வேறு ரெண்டு மூணு கலைஞர்களின் ஆரியாவையும் சேர்த்துக்கோங்க.

ரெண்டாவது, சத்தத்தைச் சமமாக்குங்க. ஒரே மாதிரி ரெண்டு பதிவில் கொஞ்சம் சத்தமா இருக்கிறது நம்ம காதுக்கு 'நல்லா' இருக்கிற மாதிரி கேட்கும். இதை விட்டுட்டா ஒப்பீடே வீண்.

மூணாவது, பெயரை மறையுங்க. ஃபைல்களுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண் போட்டு வரிசையைக் கலைக்க நாலு வரி ஸ்கிரிப்ட் போதும். கோடிங் வராதா? பக்கத்தில் இருக்கிறவங்க கையில் ஃபோனைக் கொடுத்து, நீங்க திரும்பி உட்காருங்க.

நாலாவது, விடையைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க. 'அற்புதம்', 'சூப்பர்' எல்லாம் வேண்டாம். இடது கை அமுங்கிப் போகுதா? ஸ்வரங்கள் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டி வருதா, தனித்தனியா விழுதா? எந்த இடத்தில் அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தீங்க? இதை எழுதின பிறகுதான் பெயர்.

பெயரே முக்கியம் இல்லையா என்று கேட்கலாம். ரொம்ப முக்கியம். யோசிச்சுப் பாருங்க, இந்த மோசடியை முதலில் பிடித்தது யாருடைய காதும் இல்லை, ஒரு டேட்டாபேஸ். கிரேஸ்நோட்டுக்கு மூலமான சிடிடிபி எப்படி உருவானது? உலகம் முழுக்க ஆல்பம் வாங்கினவங்க, சம்பளம் இல்லாமல், டிராக் பெயர்களை ஒவ்வொண்ணா டைப் பண்ணி ஏற்றினதால். பிறகு அது வணிக நிறுவனமானபோது, அதற்கு மாற்றாக மியூசிக்பிரெயின்ஸ் என்ற திறந்த டேட்டாபேஸ் வந்தது. அதில் இன்னைக்கும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சேர்க்கலாம்.

அதனால் ஆல்பம் சேகரிக்கிறவங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். யார் வாசித்தார், எந்த வருஷம், எந்த அரங்கம், எந்த நிறுவனம் என்பதையெல்லாம் ஒழுங்கா குறிச்சு வையுங்க. ஸ்ட்ரீமிங் ஆப்களில் பல நேரம் கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஷோபின் என்று மட்டும் இருக்கும், வாசித்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். சிடியோடு வருகிற அந்தச் சின்னப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீங்க. ஒருத்தர் உழைப்பு அவர் பெயரோடு இருக்கணும் என்றால் யாராவது அந்தச் சலிப்பான வேலையைச் செய்தாகணும்.

கேட்கும்போது பெயர் வேண்டாம், கேட்டு முடிச்சதும் பெயரை விடாதீங்க. வரிசை இதுதான்.

இந்த வார வீட்டுப்பாடம்: லாஸ்லோ சைமனின் லிஸ்ட் பதிவைத் தேடிக் கேளுங்க, அவர் பெயரிலேயே. கேட்டுட்டு என்ன தோணுச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சிலதைப் போடுறேன். அதுவரைக்கும், பத்திரமா இருங்க, நல்லா கேளுங்க.